நாலு பேர் இப்போது உள்ளங்கையில் இருக்கிறார்கள்

விழுப்புரம் நேருஜி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் செல்போன் பழுதுபார்க்கும் சின்னக் கடை. என் போனுக்கு பேட்டரி மாற்றக் கொடுத்துவிட்டு அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். விரல் நகங்களில் இன்னும் செம்மண் போகவில்லை. விடிகாலையில் மல்லாட்டை பிடுங்கப் போய், அரைநாள் கூலி வாங்கிக்கொண்டு, அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார். மஞ்சப்பையிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்தார். கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை பின்னினாற்போல உடைந்திருந்தது.

“அவங்கப்பா செவுத்துல அடிச்சிட்டாரு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பொண்ணு ஏதோ வீடியோ போட்டுச்சாம். அவரு கூட வேலை செய்யற ஆளு காட்டினானாம்.”

மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மூன்று நாளாகக் கல்லூரிக்குப் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடக்கிறாளாம். வீட்டுக்கு அந்த ஒரு போன்தான். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் என்ன வந்தது, தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, ஒன்றும் தெரியவில்லை. டிஸ்ப்ளே மாற்ற 1,900 ரூபாய் ஆகும் என்றார் கடைக்காரத் தம்பி. அந்த அம்மா மனசுக்குள் கூலி நாட்களை எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. எந்த ஊர் என்று தம்பி கேட்டார். திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சொன்னார். “திண்டிவனத்துலயே எத்தனையோ கடை இருக்கேம்மா, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

“அங்கன்னா நாலு பேரு கேப்பாங்க, தம்பி.”

அந்த நாலு பேரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்தோடுதான் நம் வீடுகளில் பிள்ளைகள் வளர்கிறார்கள். கல்யாணத்தில் வந்து நிற்பதும் அந்த நாலு பேர், சாவில் தோள் கொடுப்பதும் அதே நாலு பேர். அவர்களை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. ஆனால் பழைய நாலு பேருக்கு ஓர் எல்லை இருந்தது. குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் பேசினார்கள். ராத்திரி ஆனால் தூங்கப் போனார்கள். அடுத்த தேர்த் திருவிழாவுக்குள் வேறொரு சங்கதி கிடைத்து, பழசை மறந்தார்கள். இப்போதைய நாலு பேர் தூங்குவதில்லை, மறப்பதும் இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார்கள். முகம் தெரியாத ஒருவன் பெங்களூரில் உட்கார்ந்து போட்ட கமென்ட்டை, திண்டிவனத்துக் கொத்தனார் ஒருவர் சாரத்தில் நின்றபடி பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து போனைச் சுவரில் அடிக்கிறார்.

சமூக வலைதளம் மனசைக் கெடுக்கிறதா என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. 2023 மே மாதம் அமெரிக்காவின் அன்றைய தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றின் ஆபத்து இரு மடங்கு என்றது அது. இன்ஸ்டாகிராம் பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்குத் தன் உடல் மீதான மனக்குறையை அதிகமாக்குகிறது என்று அந்த நிறுவனத்தின் உள் ஆய்வே சொன்னதை 2021-இல் அதன் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்தார். மறுபக்கமும் உண்டு. ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் அமெரிக்கா, பிரிட்டனைச் சேர்ந்த 3.55 லட்சம் பிள்ளைகளின் தரவுகளை அலசி, பிள்ளைகளின் மனநிலையில் காணும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்துக்குத்தான் திரைப் பழக்கம் காரணம் என்று 2019-இல் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் அடிமைத்தனத்துக்கு இடம் உண்டு. சமூக ஊடக அடிமைத்தனம் என்ற பெயரில் தனி நோய் அதில் இல்லை.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்த ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. இவற்றில் வரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் தனி அறை இருக்கிறது, தனிப் போன் இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை இருக்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் தன்னைப் பிறரோடு ஒப்பிட்டு வாடுகிறாள். நம் ஊர்ப் பெண்ணுக்கு அந்தக் கதவே இல்லை. அவள் கணக்கு வைத்திருக்கும் போனில்தான் அப்பாவின் சீட்டுக்கம்பெனி செய்தி வருகிறது. அதே போனில் தம்பி கேம் ஆடுகிறான், ஆயா முருகன் பாட்டு கேட்கிறார். அவளுடைய வாட்டம் ஒப்பீட்டால் மட்டும் வருவதில்லை. பிடிபட்டுவிடுவோமோ என்ற பயம் அதைவிடப் பெரியது.

மனம் நோகும் விதம் ஊருக்கு ஊர் மாறும் என்பது மனநல மருத்துவத்துக்குப் புதிதல்ல. கூட்டத்தில் தான் அவமானப்பட்டுவிடுவோமோ என்று அஞ்சுவதை மேற்கே சமூகப் பதற்றம் என்கிறார்கள். ஜப்பானில் ‘தைஜின் கியோஃபுஷோ’ என்று ஒன்று உண்டு. தன் பார்வையோ, முகம் சிவப்பதோ, உடல் வாடையோ அடுத்தவருக்குச் சங்கடம் தந்துவிடுமோ என்ற அச்சம் அது. மேற்கத்திய பயம் தன்னைப் பற்றியது, ஜப்பானியப் பயம் எதிராளியைப் பற்றியது. நம்முடைய பயத்துக்கு மருத்துவர்கள் பெயர் வைத்தார்களோ இல்லையோ, நமக்கு அதற்குச் சொல் உண்டு: மானம். அது ஒருத்தியின் உடம்பில் தங்குவதில்லை. அப்பாவின் மீசையிலும் அண்ணனின் கல்யாணப் பேச்சிலும் சாதிசனத்தின் வாயிலும் தங்குகிறது. அவளால் போகும் என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

2016 ஜூனில் சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் ஓர் இளம்பெண்ணின் படத்தை உருமாற்றி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் காவல் துறையில் புகார் கொடுத்தது. படம் நீங்க நாளானது. அதற்குள் அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். படம் போட்டவன் மேல் இருந்த கோபத்தைவிட, தன்னைப் பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்ற துயரம்தான் அவர் எழுதி வைத்ததில் கனமாக இருந்தது. பெற்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் நாலு பேருக்குப் பயந்தவர்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பொள்ளாச்சி வெளிச்சத்துக்கு வந்தது. ஃபேஸ்புக் பழக்கத்தில் தொடங்கி, படமெடுத்து, மிரட்டி, பல பெண்களைச் சீரழித்த கூட்டம். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்குச் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. அந்தக் கூட்டம் அவ்வளவு காலம் தப்பியிருந்ததற்கு அவர்களின் சாமர்த்தியம் காரணம் அல்ல. வீட்டில் சொன்னால் முதல் அடி தனக்குத்தான் விழும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. மிரட்டியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-இல் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. காரணங்களை அந்த அறிக்கை கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. நாடு முழுக்க எடுத்தால் ‘குடும்பப் பிரச்சினை’ என்ற கட்டம்தான் மிகப் பெரியது. ‘சமூகத்தில் மதிப்பு இழத்தல்’ என்றும் ஒரு கட்டம் உண்டு. ஒரு வீடியோவால் வந்த சண்டை, பிடுங்கப்பட்ட போன், நின்றுபோன படிப்பு இவையெல்லாம் எந்தக் கட்டத்தில் விழும்? பெரும்பாலும் குடும்பப் பிரச்சினை என்றே விழும். நாமும் அப்படியே படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவோம்.

ஆண் பிள்ளைகள் வேறு விதமாக நோகிறார்கள். திண்டிவனம், மயிலம், மரக்காணம் பக்கத்துப் பையன்கள் பலர் ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்துவிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக இருக்கிறார்கள். ஓர் அறையில் ஏழெட்டுப் பேர். ஷிஃப்ட் முடிந்து படுத்தால் நடு இரவுவரை ஆளுக்கொரு வெளிச்சம். விழுப்புரம் ரயிலில் என்னோடு வந்த ஒரு பையனிடம் ஏன் தூங்குவதில்லை என்று கேட்டேன். “தூங்கினா ஒடனே காலைல ஷிஃப்ட்டு வந்துடும்ணே. முழிச்சிருக்கற நேரம்தான் எனக்குன்னு இருக்கு.” இதை எந்தத் திரைநேரக் கணக்கிலும் நான் படித்ததில்லை. அவனுக்குப் போன் ஒரு போதை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வேறொருவனுக்குக் கொடுத்த உடம்பு, மிச்சம் இருக்கும் இரண்டு மணி நேரத்தைத் தூக்கத்திடமிருந்து திருடிக்கொள்கிறது. ஆனால் கடன் உடம்பின் பேரில்தான் ஏறுகிறது. எரிச்சல், மறதி, காரணமில்லாத சண்டை என்று அதை அடைக்கிறான்.

அந்த இரண்டு மணி நேரத்தில் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதும் முக்கியம். சாதிப் பெருமைப் பாட்டுக்கு மீசை முறுக்கும் வீடியோக்கள் வடமாவட்டங்களின் போன்களில் வெகுகாலமாகச் சுற்றுகின்றன. தொழிற்சாலையில் பெயர்கூட இல்லாமல் ஒரு அடையாள எண்ணாக இருப்பவனுக்கு அங்கே ஒரு கெத்து கிடைக்கிறது. 2019 ஏப்ரலில் ஒரு சமூகப் பெண்களை இழிவாகப் பேசிய வாட்ஸ்அப் ஒலிப்பதிவு ஒன்றால் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதி கொந்தளித்து, ஊர் ஊராக 144 போட வேண்டியதாயிற்று. அங்கேயும் சண்டை ஆண்களுக்கு, மானம் பெண்களுடையது.

சரி, தடை செய்துவிடலாமா? நாம் அதைச் செய்து பார்த்தவர்கள். 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்குக்கு இடைக்காலத் தடை விதித்தது. மூன்று வாரத்தில் நிபந்தனையோடு தடை நீங்கியது. 2020 ஜூன் 29 அன்று சீன எல்லைச் சண்டையை ஒட்டி மத்திய அரசு அதை ஒரேயடியாக முடக்கியது. பத்து நாள்கூட ஆகவில்லை, இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இந்தியாவில் இறக்கிவிட்டது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. மல்லாட்டைக் காட்டில் நின்று டிக்டாக் செய்த அதே பிள்ளைகள் வரப்பு மாறி நின்றார்கள், அவ்வளவுதான்.

தென்கொரியா 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவில் ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று 2011-இல் சட்டம் போட்டு, பத்தாண்டு கழித்து அதைக் கைவிட முடிவெடுத்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணை வைத்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கிடையாது என்கிறது. அதைப் போன்ற சட்டம் இங்கும் கொண்டுவர மத்திய அரசு யோசிக்கலாம் என்று அதே மாதம் மதுரைக் கிளையும் சொன்னது. நிறுவனத்தின் கழுத்தில் கயிறு கட்டும் எந்தச் சட்டத்தையும் நான் வரவேற்கிறேன். பிள்ளைகளின் கவனத்தைச் சுரண்டிக் காசாக்குகிறவர்களைக் கேள்வி கேட்க அரசால்தான் முடியும்.

ஆனால் விழுப்புரத்தில் அந்தச் சட்டம் யார் மேல் இறங்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். இங்கே சிம் அப்பா பெயரில். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த விழுப்புரம் மாவட்டத்தில் எழுத்தறிவு சுமார் 72 சதவீதம், மாநிலச் சராசரி 80. படிக்கத் தெரியாத தாயின் போனில் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்துவது மகள்தான். ஊர்ப்புறங்களில் எடுத்த 2024 ‘ஏசர்’ கல்வி அறிக்கையின்படி 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியும். அவர்களில் முந்தைய ஒரு வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். இந்த எண்களைப் பார்த்து வருத்தப்படலாம். ஆனால் கொரோனா காலத்தில் பள்ளியே போனுக்குள் வந்தபோது, கடன் வாங்கி அதை வாங்கிக் கொடுத்தவர்கள் நாம்தான். கொடுத்தபோது எப்படிப் பழகுவது என்று ஒருவரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. இப்போது தடை என்ற சொல் ஊருக்குள் நுழைந்தால், பையனிடம் போன் இருக்கும், பெண்ணிடம் இருந்து போகும். கூடவே படிப்பும் போகும்.

என் கருத்து இதுதான். நம் ஊரில் போன் உண்டாக்கும் காயத்தைவிட, போனுக்காக நாம் கொடுக்கும் தண்டனை பல வீடுகளில் ஆழமாகப் போகிறது. பிடுங்குவது, உடைப்பது, கல்லூரியை நிறுத்துவது, அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது. இவற்றை வைத்தியம் என்று நினைத்துத்தான் செய்கிறோம். இதையெல்லாம் பார்த்த அடுத்த பெண், தனக்கு ஒரு மிரட்டல் வரும்போது வாயே திறக்க மாட்டாள்.

2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பரிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இந்த இரண்டும் எங்கள் பக்கத்துப் பெண்களை வீட்டு வாசலைத் தாண்ட வைத்தன. காலை எட்டு மணிக்குத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள், தெரியும். ஆனால் கல்லூரி விட்டதும் அவர்கள் போக ஓர் இடம் சொல்லுங்கள். மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட். டீக்கடையில் ஆண்கள். நூலகத்தில் உட்கார்ந்து வர நேரமாகிவிட்டால் வீட்டில் கேள்வி. தோழியோடு பேசிச் சிரிக்க, தலை சாய்த்து ஒரு பாட்டுக்கு உதடசைக்க அவளுக்கு மிஞ்சியிருப்பது ஆறங்குலத் திரை. அந்த நேரத்தைக் குறைக்கச் சொல்கிறவர்கள், மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் அவளுக்கு வேறு என்ன தருவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊராட்சியில் ஓர் இறகுப்பந்துக் களமும் விளக்கும் போட ஆகும் செலவு பெரிதல்ல. வாரத்தில் மூன்று மாலை அது பெண்களுக்கு மட்டும் என்று எழுதி வைக்கத்தான் மனசு வேண்டும்.

மனசு உண்மையிலேயே சரிந்துவிட்டால் எங்கே போவது? எங்கள் பக்கத்தில் பலர் முதலில் போவது மேல்மலையனூருக்கு. அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்தில் அங்காளம்மன் முன்னால் ஆயிரக்கணக்கானோர் கூடும்போது, தூக்கம் கெட்ட பிள்ளையை, பேச்சு நின்ற மருமகளைக் கைப்பிடித்து அழைத்து வந்த குடும்பங்களையும் பார்க்கலாம். காத்து கருப்பு என்பார்கள், செய்வினை என்பார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே ஒருவரும் அவர்களை ‘பைத்தியமா’ என்று கேட்பதில்லை. குஜராத்தின் உனாவாவில் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் பிரார்த்தனையோடு மனநல மருத்துவரையும் உட்காரவைத்தார்கள். ‘தவா–துவா’, மருந்தும் மன்றாட்டும் என்று அதற்குப் பெயர். மேல்மலையனூரில் அமாவாசைதோறும் அப்படி ஒரு பந்தல் போட முடியாதா?

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2010 முதல் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் ஒரு மணி நேரப் பேருந்துத் தூரம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014-லேயே ‘ஷட்’ என்ற பெயரில் போன், இணையப் பழக்கத்துக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. 14416 என்ற எண்ணை எந்த நேரத்தில் அழைத்தாலும் தமிழில் பேச மனநல ஆலோசகர் உண்டு, கட்டணம் இல்லை. அந்தரங்கப் படமோ, உருமாற்றிய படமோ வலையில் வந்துவிட்டால், பாதிக்கப்பட்டவர் புகார் தந்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனம் நீக்க வேண்டும் என்று 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் கெடு வைத்தன. இளம்பிள்ளைப் பெண்ணுக்கு அப்படி ஒரு கெடு இல்லை. இன்றைக்கு அதைவிடக் குறுகிய கெடுவே இருக்கிறது. ஆனால் இது எத்தனை அப்பாக்களுக்குத் தெரியும்? மின்கட்டணம் கட்டும் இடத்தில், ரேஷன் கடைச் சுவரில், கல்லூரிப் பேருந்தின் முதுகில் அந்த எண்ணையும் இந்தக் கெடுவையும் எழுதிப் போட்டால் ஒரு வீட்டிலாவது போன் உடையாமல் இருக்கும்.

கடையில் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. புது டிஸ்ப்ளே பொருத்தி, தம்பி போனை உயிர்ப்பித்தார். பேட்டர்ன் கேட்டது. அந்த அம்மா மண் படிந்த விரலால் ஒரு கோடு கீழே இழுத்து, பக்கவாட்டில் திருப்பினார். திறந்தது. சுருட்டி வைத்திருந்த நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். நூறு ரூபாய் குறைந்தது. தம்பி பரவாயில்லை என்றார். போனைப் பைக்குள் போடப் போனவர், நின்றார்.

“தம்பி, அந்தப் படம் இதுல இருக்குமா? எனக்குக் காட்டேன். எல்லாரும் பாத்துட்டாங்க. நான் இன்னும் பாக்கல.”

தம்பி என்னைப் பார்த்தார். பிறகு தேடி எடுத்துக் கொடுத்தார். இருபது நொடி இருக்கும். பச்சைத் தாவணி, கல்லூரித் தாழ்வாரம், பின்னால் ஒரு வேப்பமரம். ஒரு பழைய பாட்டுக்கு உதடசைத்துவிட்டு, கடைசியில் வெட்கம் தாங்காமல் சிரித்துக் கையால் முகத்தை மூடிக்கொள்கிறாள் அந்தப் பெண்.

“இதுக்கா?” என்றார் அந்த அம்மா.

வீடியோ தானாக மறுபடி ஓடத் தொடங்கியது. போனைக் கொஞ்சம் கிட்டே பிடித்துக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.